சுங்கை சிப்புட்டில் ஒரு நில அளவை அலுவலகம்: ஜியோமேட்டிக்ஸ் தொழிற்பயிற்சிக்குப் போகலாமா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியில் கீழே மளிகைக்கடை, மேலே செங்குத்தான படிக்கட்டு, அதற்கு மேல் ஒரு மாடி. உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவர், இரண்டு களக்குழு, ஒரு வரைவாளர், கோப்புகளைப் பார்க்க ஓர் அம்மா. அலுவலகம் அவ்வளவுதான். ஜியோமேட்டிக்ஸ், அதாவது நில அளவையும் வரைபடமும் படிக்கும் மாணவர்களை ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் எடுப்பதில்லை. ஊர் சின்னது, பெயர் வேண்டாம். தொழிற்பயிற்சிக்கு இந்த இடம் எப்படி என்பதை மட்டும் பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நிலப்பட்டாவுக்கான எல்லை அளவையை, அதாவது கடாஸ்டர் வேலையை, விண்ணப்பத்திலிருந்து கடைசி பிளான் வரை ஒரே கூரைக்கடியில் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். கோலாலம்பூரில் பெரிய நிறுவனத்துக்குப் போகும் மாணவர் பத்து வாரமும் ஒரே சுரங்கப்பாதையின் அசைவைக் கண்காணித்துவிட்டுத் திரும்புவதுண்டு. சம்பளப் படி நன்றாக இருக்கும், கருவி புத்தம்புதிதாக இருக்கும். ஆனால் வேலை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கேட்டால் தெரியாது. இங்கே படி பெட்ரோலுக்குச் சரியாகப் போகும், கருவிகளுக்கு வயதாகிவிட்டது, வேலை மட்டும் முழுசாகக் கையில் வரும்.

எதற்கு இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும் என்றால், நம் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் நுழைய வாசல்கள் குறைவு. யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கானது. எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது மெட்ரிகுலேஷன் முடித்தவர்களுக்கு ஸ்கூடாயில் உள்ள யு.டி.எம். பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டப்படிப்பே முக்கியமான வழி. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த கையோடு போகிறவர்களுக்கு பாலிடெக்னிக் டிப்ளோமா இருக்கிறது. பேராக்காரர்களுக்கு ஈப்போவின் உங்கு ஓமார் பக்கத்திலேயே. எந்த வழியில் போனாலும் கணிதமும் பௌதிகமும் கைகொடுக்க வேண்டும். பிழைக்கணிப்பு, மீச்சிறு வர்க்கமுறை (அளவைப் பிழைகளைக் குறைந்தபட்சமாக்கிச் சரிக்கட்டும் கணக்கு), வரைபட எறியம் (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளுக்குக் கொண்டுவருவது), செயற்கைக்கோள் நிலைகாணல், புகைப்பட அளவை, ஜி.ஐ.எஸ். (கணினி வரைபடத் தகவல் முறை), நிலச்சட்டம் எல்லாம் பாடத்தில் வரும். இவற்றில் எதை வைத்துப் பிழைக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளக் கிடைக்கும் ஒரே ஒத்திகை இந்தத் தொழிற்பயிற்சி. அதைத் தப்பான இடத்தில் கழித்தால் அந்த ஒத்திகை வீண்.

முதல் வாரம் களத்துக்கு அனுப்பமாட்டார்கள். காலை எட்டு மணிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் முக்காலியை விரித்து டோட்டல் ஸ்டேஷனை, அதாவது கோணமும் தூரமும் அளக்கும் கருவியை, பொருத்தச் சொல்வார்கள். முக்காலிக் காலை மிதித்து ஊன்றுவது, நீர்மட்டக் குமிழியை நடுவில் நிறுத்துவது, கீழே உள்ள ஆணிமேல் மையம் கொண்டுவருவது. மாணவர்கள் இதில் அலட்சியமாக இருப்பார்கள், பல்கலைக்கழகத்தில் நூறு முறை செய்ததுதானே என்று. அப்போது களத்தலைவர் ஒரு கணக்குக் கொடுப்பார். மையம் 2 மில்லிமீட்டர் தவறி, நீ பார்க்கிற புள்ளி 20 மீட்டரில் இருந்தால் கோணம் எவ்வளவு பிழைக்கும்? ஏறக்குறைய 20 விநாடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் கோணக் கணக்கில் ஒரு விநாடி). அதே கோணத்தை வைத்து அடுத்த கோட்டை 200 மீட்டர் நீட்டினால் முனையில் 2 சென்டிமீட்டர் விலகல். குட்டைக் கோட்டிலிருந்து நெட்டைக் கோட்டுக்குத் தாவாதே என்று புத்தகத்தில் ஒரு வரியில் படித்தது அன்றைக்குத்தான் உறைக்கும்.

இரண்டாவது சோதனை இன்னும் நல்லது. பிரிசம் மாறிலி. பிரிசம் என்பது கருவி அனுப்பும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி; அதற்காகத் தூரத்தில் செய்யும் திருத்தம்தான் மாறிலி. ஜப்பானியக் கருவிகளோடு வரும் பிரிசங்களில் பெரும்பாலும் மைனஸ் 30 மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும். அதை பூஜ்ஜியம் என்று கருவியில் வைத்துவிட்டால் ஒவ்வொரு கோடும் 3 சென்டிமீட்டர் நீண்டுபோகும். ‘டிராவர்ஸ் மூடும்போது தெரிந்துவிடுமே’ என்பார்கள் மாணவர்கள், அதாவது புள்ளி புள்ளியாகச் சுற்றி அளந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும்போது. தெரியாது. 100 மீட்டருக்கு 50 மீட்டர் செவ்வக லோட்டை (நிலத்துண்டை) நான்கு மூலையிலும் நின்று அளந்தால் எதிரெதிர்ப் பக்கங்களின் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மூடல் கச்சிதமாக வரும். பரப்பு மட்டும் 5,000 சதுர மீட்டருக்குப் பதில் 5,004.5 என்று நிற்கும். பழைய பிளானோடு ஒப்பிடும்போதுதான் குட்டு வெளிப்படும்: நெட்டைப் பக்கமும் குட்டைப் பக்கமும் ஒரே அளவில், அதே 3 சென்டிமீட்டர் கூடியிருந்தால் மாறிலிப் பிழை. நீளத்துக்கு ஏற்றபடி கூடியிருந்தால் வெப்பநிலை, காற்றழுத்தத் திருத்தத்தில் கோளாறு. ஒரு டிகிரி செல்சியஸ் தவறினால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர். சின்ன லோட்டில் அது ஒன்றுமில்லை. 30 மில்லிமீட்டர் அப்படியல்ல.

இதைக் களத்திலேயே பிடிக்க ஒரு எளிய வழியைக் கற்றுத் தருகிறார்கள். ஒரே நேர்கோட்டில் மூன்று ஆணி: அ, ஆ, இ. அ–ஆ, ஆ–இ, அ–இ மூன்றையும் அள. முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் மிஞ்சுவது மாறிலிப் பிழை. பள்ளி ஓட்டப்பந்தயத் திடலில் கால் மணி நேரத்தில் முடியும் வேலை. அரசாங்க நில அளவைத் துறையான ஜூபெம் நிறுவியிருக்கும் சோதனைத் தளத்தில் கருவியை முறைப்படி சோதிப்பது தனி, அதற்குப் பதிலாக இது ஆகாது. இரவல் வாங்கிய பிரிசத்தோடு தோட்டத்துக்குள் இறங்குமுன் செய்யவேண்டிய கைவைத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வாரம் தோட்டம். இந்த அலுவலகத்தின் உண்மையான பாடம் இங்கேதான்.

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் வரும் வேலைகளில் பாதி, பழைய ரப்பர்க் காலத்துப் பிளான்களை இன்றைய செம்பனைக் காட்டுக்குள் வைத்துத் தேடுவது. பிளானில் தூரம் லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு செயின் 20.1168 மீட்டர், அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு லிங்க். 735 லிங்க் என்றால் 147.86 மீட்டர். கால்குலேட்டரில் 0.2 என்று உருட்டிப் பெருக்கும் மாணவர் 147 என்ற இடத்தில் தோண்டிவிட்டு, கல் இல்லை என்று வந்து நிற்பார். 86 சென்டிமீட்டர் தள்ளி அது சிவனே என்று மண்ணுக்குள் கிடக்கும். பரப்பும் அப்படியே: ஏக்கர், ரூட், போல். 40 போல் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். பட்டாவில் 2 ஏக்கர் 3 ரூட் 17 போல் என்றிருந்தால் 2.85625 ஏக்கர், அதாவது 1.1559 ஹெக்டர். போலைப் பத்தின் கூறாக எண்ணி 2.317 என்று எழுதிய தாளை வரைவாளர் ஒன்றும் பேசாமல் மேசைமேல் திருப்பி வைப்பார். அந்த மௌனத்துக்கே ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

கல்லைத் தேடும் முறை: முதலில் ஐயமில்லாத இரண்டு பழைய கற்களைப் பிடிக்க வேண்டும், சாலையோரத்திலோ கோயில் மூலையிலோ. அவற்றிலிருந்து திசையும் தூரமும் கணக்கிட்டு மூன்றாவதின் இடத்தில் கம்பு நடுவார்கள். கம்பைச் சுற்றி அரை மீட்டருக்கு மேல்மண்ணை மண்வெட்டியால் சீவுவார்கள், குத்தமாட்டார்கள். இரும்புக் குழாய் என்றால் உலோகங்காட்டி கத்தும். கான்கிரீட் கல்லுக்குக் கத்தாது. மண்ணின் நிறம் மாறுகிறதா, பழைய குழியின் விளிம்பு தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டியதுதான். செம்பனையைச் சுமார் 25 ஆண்டுக்கொரு முறை வெட்டி மறுநடவு செய்யும்போது மண்வாரி எந்திரம் படிக்கட்டு வெட்டும், வாய்க்கால் தோண்டும். அப்போது கற்கள் புதையும், சாயும், பெயரும். யாரோ பெயர்த்து எடுத்துத் துணிதுவைக்கும் கல்லாக்கிய கதைகளும் உண்டு. எல்லைக்கல்லை அகற்றுவது நிலச்சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம்.

கல் கிடைத்துவிட்டது என்று மாணவர் துள்ளும்போது மூத்த கள உதவியாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தம்பி, கல்லு நிக்குதா, படுத்திருக்கா?” சாய்ந்த கல்லின் தலை 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்கலாம். அடிப்பாகம் எங்கே ஊன்றியிருந்தது என்று பார்க்காமல் தலையை அளந்தால் அடுத்த வீட்டுக்காரரின் மண்ணில் கோடு விழும். அதனால்தான் இரண்டு கல்லோடு நிறுத்துவதில்லை. இரண்டு கல் ஒத்துவரவில்லை என்றால் எது நகர்ந்தது என்று சொல்ல வழியில்லை. மூன்றாவது வந்தால் பொய்சொல்வது எது என்று தெரிந்துவிடும்.

அடுத்து கோடு, அதாவது கருவி பார்க்கக் காட்டில் வெட்டித் திறக்கும் பாதை. மலாயில் ரெந்திஸ், நம் ஆட்களுக்கும் ரெந்திஸ்தான். செம்பனை 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டிருப்பார்கள். நிரைக்கு நிரை 7.8 மீட்டர். எல்லைக்கோடு நிரையோடு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் போகாது. ஓலையை வெட்டத் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். மரத்தை வெட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. கோடு மரத்தில் முட்டினால் பக்கவாட்டில் ஒரு நிலையம் எடுத்துச் சுற்றி வரவேண்டும். மேலே சொன்ன குட்டைக் கோட்டுப் பிழை இங்கேதான் பல்லைக் காட்டும். இந்த அலுவலகத்தில் 30 மீட்டருக்குக் குறைந்த கோடுகளுக்குப் பிரிசக் கம்பத்தைக் கையில் பிடிக்க விடுவதில்லை, பிரிசத்தையும் முக்காலியில்தான் வைக்கவேண்டும். கோணங்கள் தொலைநோக்கியைப் புரட்டி இடமுகம், வலமுகம் இரண்டிலும். சோம்பேறித்தனத்துக்கு இடமில்லை.

செயற்கைக்கோளை வைத்து இடம் காட்டும் ஜி.என்.எஸ்.எஸ். கருவி இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்காத மாணவர் கிடையாது. கேட்கட்டும். ஜூபெமின் மைஆர்டிகேநெட் என்ற நிலைய வலையமைப்பிலிருந்து திருத்தம் வாங்கித் திறந்தவெளியில் நின்றால் சில விநாடியில் இரண்டு சென்டிமீட்டர் துல்லியம் வரும். அதே கருவியைச் செம்பனை ஓலைக்கடியில் கொண்டுபோனால் செயற்கைக்கோள் சமிக்ஞை பாதி மறையும், மீதி மட்டையிலும் தண்டிலும் பட்டுத் தெறித்து வரும். கருவி ‘ஃபிக்ஸ்’ (நிலை உறுதி) என்று பச்சை காட்டினாலும் புள்ளி அரை மீட்டர் தள்ளி இருக்கலாம். இந்தப் பொய் ஃபிக்ஸ்தான் மிக ஆபத்தானது, ஏனென்றால் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. போதாக்குறைக்குத் தோட்டப் பள்ளத்தில் கைப்பேசி இணைப்பு இல்லையென்றால் திருத்தமே வராது.

இவர்கள் செய்வது இது: கோயில் வளாகம், பந்துத் திடல், பழைய தோட்ட அலுவலக முற்றம் போன்ற வானம் தெரியும் இடத்தில் இரண்டு புள்ளிகளை ஜி.என்.எஸ்.எஸ்ஸில் பிடிப்பது, சில மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து அதே புள்ளிகளை மீண்டும் பிடிப்பது. இரண்டும் ஒத்துவந்தால் அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனில் காட்டுக்குள் இறங்குவது. அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் சூட்சுமம். ஒவ்வொன்றிலும் 2 சென்டிமீட்டர் பிழை என்றால், 100 மீட்டர் இடைவெளியில் திசை ஏறக்குறைய 58 விநாடி தவறும். 500 மீட்டரில் 12 விநாடிதான். திடலின் இரண்டு கோல்கம்பங்களைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் மாணவரைத் திரும்பவும் மோட்டாரில் அனுப்புவார்கள், திடலின் ஒரு கம்பமும் கோயில் கோபுரத்துக்கு எதிரே ஒரு ஆணியும் என்று.

ஆயத்தொலைவு முறை இன்னொரு குழி. தீபகற்ப மலேசியாவில் கடாஸ்டர் பிளான் காசினி என்ற எறிய முறையில், மாநிலங்களுக்கு வெவ்வேறு மூலப்புள்ளி. பேராக்குக்கு குனோங் ஹிஜாவ் லாருட், சிலாங்கூருக்கு புக்கிட் ஆசா, ஜொகூருக்கு குனோங் பிளுமுட். நிலத்தோற்ற வரைபடங்கள் ஆர்.எஸ்.ஓ. என்ற வேறு எறிய முறையில். கருவியில் மாநிலத்தைத் தப்பாகத் தட்டிவிட்டால் புள்ளி வேறு மாவட்டத்தில் போய் விழும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். தெரியாமல் கடிப்பது, ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையான பழைய ஆதாரத்தையும் ஜி.டி.எம்.2000 என்ற புதிய ஆதாரத்தையும் கலந்துவிடுவது. அந்த ஜி.டி.எம்.2000ஐயே பிறகு திருத்தவேண்டி வந்தது: 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் லங்காவி ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நகர்ந்தது. நாம் நிற்கும் தரையே நகரும் என்று வகுப்பில் சொன்னால் கொட்டாவி விடும் மாணவர், பழைய கோப்பில் உள்ள ஆயத்தொலைவும் புதிதாகப் பிடித்ததும் ஒட்டாமல் நிற்கும்போது விழித்துக்கொள்வார்.

அலுவலக வேலைக்கு வருவோம். முதல் வகுப்பு அளவைக்கு 1:8000 என்று பழைய விதியில் மூடல் பிழைக்கு வரம்பு. 800 மீட்டர் சுற்றளவுக்கு 10 சென்டிமீட்டர். இப்போதைய இ-கடாஸ்டர் முறையில் தீபகற்பத்தின் எல்லைக்கற்கள் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில், நகரத்தில் 5, புறநகரிலும் கிராமத்திலும் 10 சென்டிமீட்டர் துல்லியத்தை இலக்காக வைத்து மீச்சிறு வர்க்கமுறையில் சரிக்கட்டப்பட்டவை. பழைய பிளானில் உள்ள தூரமும் தரவுத்தளத்துத் தூரமும் சில சென்டிமீட்டர் வேறுபடும். எதை எப்போது நம்புவது என்பதைக் கோப்புக் கோப்பாக எடுத்துக் காட்டி விளக்குகிறார் உரிமையாளர். வாரத்தில் ஒரு பிற்பகல் இதற்கென்றே ஒதுக்குகிறார். நகரத்துப் பெரிய நிறுவனத்தில் உரிமம் வைத்திருப்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பயிற்சி முடித்து வருபவர்கள் உண்டு.

நிலச்சட்டமும் கூடவே வரும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச்சட்டத்தின் 135ஆம் பிரிவில் லோட்டைப் பல லோட்டாகப் பிரிப்பது. 140இல் கூட்டு உரிமையாளர்கள் தங்கள் பங்கைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வது. 146இல் லோட்டுகளை ஒன்றாக்குவது. மூன்றுக்கும் விண்ணப்பம் வேறு. அப்பா இறந்தபின் நான்கு பிள்ளைகள் பெயரில் வந்த நிலத்துக்கு 135 என்று எழுதிக் கொண்டுபோனால் நில அலுவலக முகப்பிலேயே திரும்பிவிடும். 214ஏ பிரிவும் இந்த ஊரில் படிக்கவேண்டியது: 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தோட்டத் துண்டாடல் (பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பது) என்ற சொல்லைத் தாத்தாமார் வாயில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிரிவின் பின்னணி சொல்லவேண்டியதில்லை. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான்; அவர் இதே ஊர்க்காரர். லயத்துக்குள் செயினை இழுத்துக்கொண்டு வந்த அளவையாளரைக் கண்டு அன்று ஜனங்கள் பயந்தார்கள். அதே செயின் கணக்கை அவர்களின் பேரப்பிள்ளை இன்று மீட்டருக்கு மாற்றுகிறது.

குறைகள். முதல் குறை, பயிற்சிப் பதிவேடு. பல்கலைக்கழகம் வாரா வாரம் கையெழுத்துக் கேட்கும். இங்கே மாதக் கடைசியில் நான்கு வாரத்துக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். மாணவரே விடாமல் துரத்தவேண்டும், இல்லையென்றால் மேற்பார்வை விரிவுரையாளர் வரும் நாளில் வெற்றுப் பக்கங்களோடு முழிக்கவேண்டும். இரண்டாவது, வரைவு மென்பொருள் பழைய பதிப்பு. பல்கலைக்கழகத்தில் புதியதைப் பழகியவர்களுக்கு எரிச்சல். மூன்றாவது கொஞ்சம் கடுமையானது: பாதுகாப்பு. அறுவடை நடக்கும் நிரையில் தலைக்கவசம் இல்லாமல் நிற்கவே கூடாது, ஒரு குலை 20 கிலோ வரும். கவசங்கள் வண்டியில் இருக்கின்றன, ஆனால் போடச்சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. குளவிக்கூட்டைப் பார்த்தால் கோட்டை மாற்றுவது, முதலுதவிப் பெட்டி எங்கே என்று காட்டுவது எல்லாம் வாய்வழி. எழுதிவைத்த நடைமுறை இருக்கவேண்டும். பெண் மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப்போகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஒதுங்க இடம் பற்றி முன்யோசனை இல்லை, தோட்ட அலுவலகத்துக்குத் திரும்பி ஓடவேண்டியிருக்கிறது.

இங்கே கிடைக்காதவை எவை என்பதையும் தெரிந்து போகவேண்டும். லேசர் வருடல் கிடையாது. நீரளவை (நீரடித் தரையை அளப்பது) கிடையாது. ட்ரோன் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அனுமதி வேலைகளுக்கு அலையவேண்டும் என்று அபூர்வமாகத்தான் எடுக்கிறார்கள். நிலத்தடிக் குழாய், கம்பி தேடும் ரேடார் வேலைக்கு வெளி ஆட்களை அழைக்கிறார்கள்.

அதனால் எந்த வேலைக்குப் போக நினைக்கிறோமோ அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உரிமம் பெற்ற அளவையாளராக நினைப்பவர் கண்ணைமூடிக்கொண்டு இங்கே வரலாம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டம் மட்டும் போதாது. உரிமம் உள்ளவரின் கீழ் பயிற்சி, பிறகு நில அளவையாளர் வாரியத்தின் தேர்வு. பட்டா பிளானில் தனியார் தரப்பில் கையெழுத்துப் போடும் உரிமை அவர்களுக்கு மட்டுமே. ஜியோமேட்டிக்ஸ், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்று பெயர் ஒத்த படிப்புகளில் எதை வாரியம் ஏற்கிறது என்பதைச் சேருமுன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாம் ஆண்டில் கேட்டால் தாமதம். ஜூபெமில் அரசாங்க வேலைக்கு முயல்பவர்களுக்கும் இந்தப் பயிற்சி நேரடியாக உதவும், இங்கிருந்து போகும் கோப்புகளை அங்கே சரிபார்ப்பவர்கள் அவர்கள்தானே.

கட்டுமான அளவைக்கு, ரயில் தடம், நெடுஞ்சாலை, உயர்மாடி என்று போக நினைப்பவருக்குப் பாதிதான் உதவும். கருவிப் பழக்கமும் பிழையறிவும் கிடைக்கும், வேகமும் தள ஒழுங்கும் கிடைக்காது. கடல் அளவைக்கு, எண்ணெய் எரிவாயுத் துறைக்கு ஆசைப்படுபவர் கிள்ளான் துறைமுகம் பக்கமோ கெமாமான் பக்கமோ இடம் தேடட்டும். இந்த மாடியில் உட்கார்ந்திருப்பது காலவிரயம்.

பலர் யோசிக்காத ஒரு வழி தோட்ட நிறுவனங்களின் ஜி.ஐ.எஸ். பிரிவு. பிளாக் எல்லை, நடவுப் பரப்பு, மரக்கணக்கு, மறுநடவுத் திட்டம் எல்லாம் வரைபடத்தில்தான் ஓடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச்சட்டம், எண் 2023/1115, செம்பனை எண்ணெய் எந்த நிலத்தில் விளைந்தது என்று ஆயத்தொலைவோடு கேட்கிறது. 4 ஹெக்டருக்கு மேல் என்றால் எல்லையைப் பலகோணமாகக் கொடுக்கவேண்டும். அதற்குள் என்றால் ஆறு தசம இடத்தோடு ஒரு புள்ளி போதும். ஆறாவது தசமம் தரையில் 11 சென்டிமீட்டர். கைப்பேசி அந்த இலக்கத்தைக் காட்டும், அந்தத் துல்லியம் அதற்குக் கிடையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த ஆள் சிறுதோட்டக்காரர்களுக்குத் தேவைப்படுகிறார். இந்த அலுவலகத்துக்கே இப்படிப்பட்ட கேள்விகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஜி.ஐ.எஸ். தெரிந்த பயிற்சி மாணவர் வந்தால் அவரிடம் அந்த வேலையைத் தயங்காமல் ஒப்படைக்கிறார்கள். பழைய மென்பொருள் என்ற குறை இங்கே வாய்ப்பாக மாறுகிறது: இலவச வரைபட மென்பொருளான கியூ.ஜி.ஐ.எஸ்ஸை நிறுவி, எறியத்தைச் சரியாக அமைத்துக் கொடுக்கிறவர் ஒரே வாரத்தில் அலுவலகத்தில் முக்கியமான ஆளாகிவிடுவார்.

பத்துக்கு ஏழரை. கடாஸ்டர் மட்டும் என்றால் ஒன்பது. பாதுகாப்பு நடைமுறையை எழுதி ஒட்டினால் அரை மதிப்பெண் கூடும்.

விண்ணப்பிக்க மின்னஞ்சலை நம்பவேண்டாம். நேரில் போங்கள், இல்லையென்றால் காலை ஒன்பது மணிக்குள் அழையுங்கள், அதற்குப் பிறகு எல்லாரும் களத்தில். பயிற்சி தொடங்க மூன்று மாதம் முன்பே கேட்டுவைப்பது நல்லது. பல்கலைக்கழகத்தின் காப்புறுதிக் கடிதம் கையில் இருக்கவேண்டும், மோட்டார் சைக்கிள் உரிமம் இருந்தால் பெரிய வசதி. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், நீளக்கை சட்டை, அட்டைக்கு உப்பு அல்லது புகையிலைத் தண்ணீர் நீங்களே கொண்டுபோகவேண்டியவை. அறிவியல் கால்குலேட்டரை மறக்காதீர்கள். கைப்பேசியைக் களக்கணக்குக்கு எடுத்தால் திட்டு விழும். வெள்ளிக்கிழமை நில அலுவலக வேலையாக அனுப்பினால் பன்னிரண்டே கால் மணிக்கு முன்பே போய்ச் சேருங்கள், அதற்குப் பிறகு முகப்பு திறக்க இரண்டே முக்கால் ஆகும்.